ரசீதுக்குப் பின்னால் ஒரு மீன்

ஷுவேஜியா,
மே 26

அன்பு மகள் யீ-ஜென்னுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. கைபேசியில் தட்டினால் நாலு வரிக்கு மேல் எனக்குப் பொறுமை போய்விடுகிறது, இது நாலு வரியில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. அதோடு நம் குடும்பக் குரூப்பை நீ மியூட்டில் போட்டு வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், இல்லை என்று சத்தியம் எல்லாம் பண்ணாதே, நான் கோபிக்கவில்லை. போன வாரம் முழுக்க மழை, துவைத்த துணி காயவே இல்லை. மழை விட்ட நாளில் மாம்பழம் வாங்கி வற்றல் போட்டிருக்கிறேன், டிராகன் படகுப் பண்டிகைக்கு முன்னால் பார்சல் வந்து சேரும். மூங்கில் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் அனுப்பினால் உங்கள் ஊர் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்களாமே, கொடுத்துவைத்தவர்கள், சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் மீன் உனக்குத் தெரியும். ஐஸ் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வாய் திறக்காமல் வேலை பார்த்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு நம் ஊர்ப் பால்மீன் ஒன்றுக்குக் கழுத்தில் துண்டைப் போட்டு, வயிறு பெருக்க வைத்து, 'சாப்பிட்டியா?' என்று கேட்க வைத்துத் தினமும் காலையில் குரூப்பில் அனுப்புவாரே, அதேதான். எதில் வரைகிறார் என்று உனக்குத் தெரியாது. கடையில் கொடுக்கிற ரசீதின் பின்பக்கத்தில். நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தேன், அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நோட்டில் வரைந்தால் கை நடுங்குகிறதாம், ரசீது என்றால் கெட்டுப்போனாலும் பரவாயில்லையாம். வரைவார், கைபேசியில் படம் பிடிப்பார், கீழே காலை வணக்கம் எழுதி அனுப்புவார், ரசீதை மேஜை இழுப்பறையில் போடுவார். இரண்டு மாதத்தில் இழுப்பறை மூடாது. நான் சும்மா இருப்பேனா, காகிதம் சேர்த்தால் கரப்பான் வரும், அரசாங்கம் ரசீது எண்களுக்குப் பரிசு குலுக்குகிற தேதிக்குள் எண் பார்த்து வைக்கவும் உங்களுக்குத் துப்பில்லை, எங்கேயாவது கொண்டுபோய்த் தொலையுங்கள் என்று கத்துவேன். அவரும் மறுபேச்சில்லாமல் அள்ளிக்கொண்டு போய், முக்குக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தான ரசீதுப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார், பரிசு விழுந்தால் இல்லாதவர்களுக்குப் போகட்டும் என்று. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

போன இலையுதிர்காலத்தில் சமூகக் கல்லூரியின் கைபேசி வகுப்பில் சேர்ந்து, எல்லோரும் அரட்டையில் அனுப்புகிற ஸ்டிக்கராகத் தன் மீனை மாற்றக் கற்றுக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில், வகுப்பிலேயே மூத்தவர். புத்தாண்டு முடிந்ததும் நாற்பது மீன்களை அந்த அரட்டை ஆப்பில் விற்பனைக்கு ஏற்றினார். கோவில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரே குஷி, இந்த வருஷத் திருவிழாத் துண்டில் உன் அப்பா தியன்-ஃபுவின் மீனைத்தான் அச்சடிக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். வீட்டில் அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பெருமையடித்தது போல் ஆகிவிடுமாம், நான் காய்கறிக்காரி வாயால் கேட்டேன்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி காலையில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆப்பிலிருந்து ஒரு கடிதம், உங்கள் ஸ்டிக்கர் இன்னொருவருடைய படைப்பின் நகல் என்று புகார் வந்திருக்கிறது, விற்பனையை நிறுத்திவிட்டோம், உங்களுடையதுதான் என்றால் ஆதாரம் காட்டுங்கள் என்று. தைச்சுங் பக்கத்து ஆள் ஒருவன் புத்தாண்டுக்கு முன்னாலேயே அதே மீனை, அதே துண்டை, அதே 'சாப்பிட்டியா'வை ஏற்றியிருக்கிறான். அவன்தான் உன் அப்பாவைத் திருடன் என்று புகார் கொடுத்தவன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ ஒரு புண்ணியவான் கோவில் குரூப்பில் போட்டு, 'நம்ம ஃபு அண்ணன் வரைஞ்சதா, அச்சு எடுத்ததா?' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் வேறு போட்டிருந்தான். நூற்றெண்பது பேர் இருக்கிற குரூப். கமிட்டித் தலைவர் மரியாதையாகத்தான் போன் பண்ணினார், 'அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வருஷம் தாமரைப் பூவே போட்டுக்கலாம்னு இருக்கோம்' என்றார். உன் அப்பா 'சரி, தாமரை நல்லாருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றிலிருந்து கோவிலுக்குப் போகவில்லை. பேனாவைத் தொடவில்லை. முடிவெட்டப் போனவர், அங்கே கமிட்டி ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெட்டாமலே திரும்பி வந்தார். ஐஸ் தொழிற்சாலையில் ஒரு துண்டு ஐஸ்கூடக் கேட்காமல் எடுத்து வராத மனுஷனடி அவர். பதினாறு நாள் நம் குடும்பக் குரூப்பில் காலை மீன் வரவில்லை, நீயும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கேதான் லீ-சூ வருகிறாள். எதிர் வீட்டு லீ-சூவை மறந்திருக்க மாட்டாய், முப்பது வருஷம் குடும்பப் பதிவு அலுவலகத்தில் இருந்தவள், உன் பிறப்பைப் பதிவு செய்ததே அவள் கைதான். கோவில் குரூப்பில் வந்ததை அன்றைக்குத்தான் படித்துவிட்டு நீலக் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். 'அண்ணே, அழுது முடிச்சாச்சா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?' என்றாள். இவர், நான் வரைந்தது என்று எனக்குத் தெரியும், அது போதும் என்றார். 'நீங்க வரைஞ்சீங்கன்னு நீங்களே சொன்னா ஆச்சா? எனக்கு இருபத்தெட்டு வயசுன்னு நானுந்தான் சொல்லுவேன், நம்புவீங்களா?' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பதினாறு நாளில் முதல் சிரிப்பு. பிறகு நிதானமாக உட்கார்ந்து விளக்கினாள். நம் நாட்டில் படம் வரைந்து முடித்த நிமிஷமே பதிப்புரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறதாம், எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டாமாம். அதுவே வசதி, அதுவே தொல்லை, ஏனென்றால் பதிவு இல்லாததால், வழக்கு என்று வரும்போது எப்போது வரைந்தேன், எப்படி வரைந்தேன் என்று நாம்தான் காட்ட வேண்டுமாம். 'குழந்தை பொறந்தது நெசம், ஆனா சீட்டு இல்லையே அண்ணே, எங்க ஆபீஸ்ல அதைப் பொறந்த கணக்குல சேக்க மாட்டோம்' என்றாள். அவள் பேசப் பேச எனக்கு ஆச்சரியம், ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் சட்டத்தைப் புத்தகம் வாங்கிப் படிக்கிறாள், நானோ நாடகம் பார்க்கிறேன்.

ஆதாரம் தேடினோம். பழைய கைபேசி போன வருஷம் செத்துப்போய்க் கடையில் கொடுத்துவிட்டோம், படமெல்லாம் அதோடு போச்சு. குரூப்பில் மேலே தள்ளிப் பார்த்தால் பழைய மீனெல்லாம் காலாவதி, சாம்பல் கட்டமாக நிற்கிறது. நாற்பதிலும் ஒன்றில்கூட உன் அப்பா தன் பெயரை எழுதவில்லை. ஏன் என்று லீ-சூ கேட்டால், காலை வணக்கம் சொல்கிற படத்தில் யாராவது தன் பெயரைப் போடுவார்களா, வெட்கக்கேடு என்கிறார். நியாயம்தானே, நம் ஊரில் யாரும் போடுவதில்லை, வந்ததைத் தள்ளிவிடுகிறோம், அது நூறு குரூப் சுற்றி நமக்கே திரும்பி வருகிறது. கடைசியில் என் பிரஷர் குக்கர் கையேட்டுக்குள்ளே அடையாளத்துக்கு வைத்திருந்த ஆறு ரசீது கிடைத்தது. ஆறிலும் மீன். நான் கும்பிட்டே விட்டேன். முன்பக்கத்து அச்சு பாதி மங்கியிருந்தாலும் இரண்டில் தேதி தெரிந்தது, இரண்டரை வருஷத்துக்கு முந்தையது. லீ-சூ அதைப் படம் பிடித்து, விளக்கம் எழுதி அனுப்பினாள்.

பத்து நாளில் அந்தத் தைச்சுங்காரன் பதில் எழுதினான். பழைய ரசீதின் பின்பக்கத்தில் இன்று காலையில்கூட வரையலாமே, இது என்ன ஆதாரம் என்று. லீ-சூ ஆத்திரத்தில் கோப்பைத் தூக்கி மேஜையில் அடித்தாள். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, 'அவன் சொல்றதும் சரிதானே' என்றார். தன் பெயரைப் பறித்துக்கொண்டு போகிறவன் வாயிலிருந்து வந்தாலும் சரி சரிதான் அவருக்கு. இப்படி ஒரு ஆளோடு நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு நிமிஷம் நின்று அவரைப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் போய் மீன் கஞ்சி சூடு பண்ணினேன்.

கஞ்சி குடிக்கும்போதுதான் லீ-சூ கேட்டாள், மீதி ரசீதெல்லாம் எங்கே என்று. நான்தான் கத்தித் தொலைக்கச் சொன்னேன் என்பதை விழுங்கிக்கொண்டு நின்றேன், அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, 'பெட்டியில போட்டுட்டேன்' என்று மட்டும் சொன்னார். லீ-சூ கரண்டியைக் கீழே வைத்தாள். 'எந்தப் பெட்டி?' முக்குக் கடைப் பெட்டி. யாருடைய பெட்டி என்று போய்ப் பார்த்தால், பக்கத்து ஊர் ஜியாலியில் மறதி நோய் வந்த பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்துடையது. அங்கே தன்னார்வப் பெண்கள் உட்கார்ந்து ரசீது ரசீதாக எண் பார்ப்பார்களாம். பார்த்து முடித்ததை அரைத்துவிட்டிருப்பார்கள், போய் என்ன பயன் என்றேன் நான். மறுநாள் காலை லீ-சூ வந்து என் தலைக்கவசத்தை எடுத்து என் தலையிலேயே மாட்டினாள்.

மூன்று பேரும் இரண்டு ஸ்கூட்டரில் போனோம். வாசலில் ஒரு குண்டுப் பெண், மெய்-யுன் என்று பெயர், என்ன வேண்டும் என்று கேட்டாள். லீ-சூ கோப்பைத் திறந்து ஆறு ரசீதையும் காட்டினாள். அந்தப் பெண் ரசீதைப் பார்த்தாள், உன் அப்பாவைப் பார்த்தாள், மறுபடி ரசீதைப் பார்த்தாள், உள்ளே திரும்பி ஊரே கேட்கிற மாதிரி 'அடியே, மீன் மாமா வந்துட்டாருடி!' என்று கத்தினாள். உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். யீ-ஜென், அந்த அறையை எப்படிச் சொல்வேன், ஒரு சுவர் முழுக்க மீன். தூங்குகிற மீன், குடை பிடித்த மீன், முழங்காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிய மீன், புயல் அன்றைக்குக் கதவை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற மீன். ஒவ்வொரு கட்டிலிருந்தும் பிடித்ததை மட்டும் எடுத்து ஒட்டியதே நூற்று நாற்பத்துமூன்று, எண்ணி வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் ஒரு ரசீதைத் திருப்பிப் பார்த்து மெய்-யுன் சிரித்தாளாம், எடுத்து ஒட்டினாளாம், அங்கே வருகிற பெரியவர்கள் மருந்து சாப்பிட அடம் பிடித்தால் மீனிடம் கூட்டிப்போய் நிறுத்துவார்களாம். 'ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ உங்க கட்டு எப்ப வரும்னு காத்துக் கெடப்போம் மாமா, பரிசு விழுந்துச்சான்னு யாரு பாத்தா, அடுத்த மீன் என்ன பண்ணுதுன்னுதான் பாப்போம். ரெண்டு மாசமா ஒண்ணும் வரலையா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சோன்னு பயந்துட்டோம்' என்றாள். உன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது, நான் கரப்பானுக்குப் பயந்து துரத்தியதை யாரோ முகம் தெரியாதவர்கள் சுவரில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

லீ-சூ அழவில்லை. ஒட்டிய தேதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒவ்வொரு கட்டு வரும்போதும் சுவரைப் படம் பிடித்து இல்லத்தின் இணையப் பக்கத்தில் 'இந்த மாத மீன்கள்' என்று போட்டிருக்கிறார்கள், மூன்று வருஷமாக, கீழே ஊர்க்காரர்கள் எழுதியது எல்லாம் தேதியோடு அப்படியே இருக்கிறது. முதல் படம் அந்தத் தைச்சுங்காரன் ஏற்றியதற்கு இரண்டேகால் வருஷம் முன்னால். எங்களுக்கு முகம் தெரியாதவர்கள், எங்களுக்கு எந்த விதத்திலும் கடன்படாதவர்கள், தேதி போட்டு ஊரறியக் காட்டியிருக்கிறார்கள், இனி இன்று காலையில் வரைந்தது என்று எவன் சொல்ல முடியும். லீ-சூ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, 'பொறப்புச் சீட்டு கெடச்சிருச்சு அண்ணே' என்றாள்.

இன்னொன்றும் அவள் கண்ணில்தான் பட்டது, இந்த ஒரு விஷயத்துக்காகவே அவளுக்கு ஒரு விருது கொடுக்கலாம். சுவரில் இருந்த மீன் எல்லாவற்றுக்கும் வால் மேல்நோக்கி மடங்கியிருந்தது. ஏன் அண்ணே இப்படி என்று கேட்டதற்கு, ரசீது அகலம் பத்தாது, தலை பெரிசாகப் போட்டால் வாலுக்கு இடம் இருக்காது, அதனால் மடக்கிவிடுவேன் என்றார் இவர் சாதாரணமாக. லீ-சூ உடனே அந்தத் தைச்சுங்காரனின் ஸ்டிக்கரைத் திறந்தாள். அங்கேயும் நாற்பது மீனுக்கும் வால் மடங்கியிருக்கிறது. 'இவ்வளவு பெரிய திரையில வரையிறவன் எதுக்குடா வால மடக்குறான்?' என்று கத்தினாள் பார், அங்கே டொமினோ ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

அவள் அனுப்பிய கட்டு முப்பத்திரண்டு பக்கம். சுவர்ப் படங்கள், இல்லத்தின் தலைவி எழுதிய கடிதம், ரசீதின் அகலம் இத்தனை சென்டிமீட்டர் என்று அளவுகோல் வைத்துப் பிடித்த படம். மே மாதம் ஏழாம் தேதி ஆப்பிலிருந்து பதில், உன் அப்பாவின் மீன் திரும்பி வந்துவிட்டது, அவனுடையதை எடுத்துவிட்டார்கள். கமிட்டித் தலைவர் ஒரு பெட்டி அன்னாசிக் கேக்கோடு நேரில் வந்தார், துண்டு அச்சுக்குப் போய்விட்டது, மீனும் தாமரையும் இரண்டும் இருக்கிறது. சிரிக்கிற முகம் போட்ட புண்ணியவான் குரூப்பை விட்டே போய்விட்டான். அந்தத் தைச்சுங்காரன் உன் அப்பாவுக்கு எழுதினான், ஏதோ குரூப்பில் சுற்றி வந்த படம், பெயர் இல்லை, காலை வணக்கப் படத்துக்கு எங்கே சொந்தக்காரர் இருக்கப்போகிறார் என்று எடுத்துவிட்டேன், உங்களுடையது வந்ததும் பயந்துபோய் முந்திக்கொண்டு புகார் கொடுத்தேன், மன்னியுங்கள் என்று. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உன் அப்பா ஒரு வரி எழுதினார், நீங்களே சொந்தமாக ஒன்று வரையுங்கள், இறாலில் தொடங்குங்கள், அதற்கு வால் தானாகவே மடங்கியிருக்கும் என்று. அவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படிவம் உண்டு, படைப்பு உருவான விதத்தைப் படைத்தவரே எழுத வேண்டும். லீ-சூ பேனாவைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். சுவரின் இடது மேல் மூலையில் இருந்த முதல் மீனை மெய்-யுன் கழற்றிக் கொடுத்திருந்தாள், கையில் பயணப் பெட்டியோடு நிற்கிற மீன். திருப்பிப் பார்த்தேன். விமான நிலையத்துக் கடை ரசீது, இரண்டு தேநீர் முட்டை, ஒரு பார்லித் தண்ணீர், நீ போன அன்றைய தேதி. உன்னை உள்ளே அனுப்பிவிட்டு மதியம் பஸ்ஸில் திரும்பும்போது ஏதோ கிறுக்கிக்கொண்டே வந்தார், என்ன என்று கேட்டதற்குக் கணக்குப் பார்க்கிறேன் என்றார், நானும் விட்டுவிட்டேன். படிவத்தில் அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'மகள் வெளிநாடு போன நாளில் பஸ்ஸில் வரைந்தது. அவளிடம் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போ என்றும் சொல்ல வரவில்லை. மீனைச் சாப்பிட்டியா என்று கேட்கச் சொன்னேன். அதன் பிறகு தினமும் கேட்கிறது.' இதைப் படித்துவிட்டு லீ-சூ முதல் தடவையாகக் கண்ணைத் துடைத்தாள், துடைத்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்று முத்திரை குத்தினாள், பழக்க தோஷம்.

அந்த மீனை வீட்டுக்கு எடுத்துவர அவர் சம்மதிக்கவில்லை, சுவரில் இருக்கட்டும், அதுதான் சாட்சி என்றார். இப்போது ரசீதுகளை நானே தேதிவாரியாக அடுக்கிக் கட்டு கட்டிக் கொடுக்கிறேன், ஜியாலிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து அவர்களோடு டொமினோவும் ஆடிவிட்டு வருகிறார். இழுப்பறை மூடாவிட்டால் மூடாமல் கிடக்கட்டும். நீயும் அங்கே கட்டட வரைபடம் வரைகிறாயே, கிறுக்கிய தாளைக் கசக்கிப் போடாதே, மூலையில் பெயரும் தேதியும் போடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று உன் அப்பாவே சொல்லச் சொன்னார். தினம் ஒரு முட்டையாவது சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. போனில் அவரிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, படிவத்தை நான் உனக்கு எழுதி அனுப்பினேன் என்று தெரிந்தால் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டார்.

சாமி உன்னை நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல மனிதர்கள் சூழ வைக்கட்டும். இதோடு ஒரு ரசீது வைத்திருக்கிறேன். எண் பார்த்துவிட்டேன், ஒன்றும் விழவில்லை, அதனால் திருப்பிப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. மூலையில் முதல் தடவையாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார். குரூப்பின் மியூட்டை எடுத்துவிடு, இங்கே காலை ஏழு மணிக்கு மீன் வரும், நீ அப்போது தூங்கிக்கொண்டிருப்பாய், பரவாயில்லை. எழுந்ததும் சாப்பிட்டுவிட்டு, 'சாப்பிட்டேன்' என்று ஒரு சொல் பதில் போடு. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
ஷியு-லுவான்